பாதத்தையும் பாருங்கள், டொக்டர்!

நீரிழிவு கிளினிக்கில் இரத்தம் எடுக்கிறார்கள், பிறஷர் பார்க்கிறார்கள், குளிசை தருகிறார்கள். செருப்பு மட்டும் பல வேளைகளில் காலிலேயே இருந்துவிடுகிறது. காப்பாற்றியிருக்கக்கூடிய கால்களை நாம் இழப்பது அந்த இடத்தில்தான்.

பொரளைச் சந்தியில் இறங்கினால் இலங்கை மருத்துவத்தின் பெரும்பகுதி நடைதூரத்துக்குள் வந்துவிடும். வோர்ட் பிளேஸ் வழியே போனால் பல் வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, 1864இல் தொடங்கிய தேசிய வைத்தியசாலை. கின்சி வீதியில் 1870இல் தொடங்கிய மருத்துவ பீடம். சந்திக்கு அருகிலேயே பிள்ளைகளுக்கான லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலையும் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மறுபக்கம் ஆயுர்வேத போதனா வைத்தியசாலை. வெள்ளவத்தைக்காரர் 154ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வருகிறார்கள். கொட்டாஞ்சேனைக்காரர் மருதானையைக் கடந்து வருகிறார்கள்.

கண்ணுக்கு ஒரு வைத்தியசாலை உண்டு. பல்லுக்கு உண்டு. மகப்பேற்றுக்கு 1879இலிருந்தே உண்டு. மனித உடம்பின் 206 எலும்புகளில் 52ஐத் தன்னிடம் வைத்துக்கொண்டு, முழு உடம்பையும் சுமந்து திரியும் பாதங்களுக்கு எந்த வாசல் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கால் நோவோடு வருபவர் ஒரு நாள் எலும்பு வைத்தியரிடம் போகிறார், இன்னொரு நாள் வாத வைத்தியரிடம், பிறகு நரம்புக்கு, பிறகு இரத்தக் குழாய்க்கு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நம்பர், ஒரு துண்டு, ஒரு திகதி. இந்தத் திகதிகளுக்கு இடையில்தான் சிறு புண் பெரும் புண்ணாகிறது.

இதை வெறும் கால் நோ என்று ஒதுக்கிவிட முடியாத நாடு நம்முடையது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வில், இருபது வயதைக் கடந்தவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. கிராமங்களில் 8.7 சதவீதம், நகரங்களில் 16.4 சதவீதம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. 2018, 2019இல் நடந்த அடுத்த பெரிய ஆய்வு, நாட்டின் வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதமானோருக்கு நீரிழிவு என்று கண்டது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் என்ற நிலையை நெருங்கிவிட்டோம்.

நீரிழிவுள்ளவர்களில் மூன்று அல்லது நான்கு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது பாதத்தில் புண்ணோடு போராட நேரிடலாம் என்பது உலக அளவிலான கணிப்பு. நீரிழிவால் கால் துண்டிக்கப்படுவோரில் பெரும்பாலானோருக்கு, ஏறத்தாழ 85 சதவீதமானோருக்கு, அந்தத் துண்டிப்புக்கு முன்னால் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண்ணை வராமல் தடுக்கவோ, வந்த கையோடு ஆற்றவோ வழி உண்டு. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

எரியும் கால், விறைக்கும் கால்

"இரவிலே உள்ளங்கால் எரியுது, போர்வை பட்டாலும் தாங்கேலாது." "பஞ்சுக்கு மேல நடக்கிற மாதிரி இருக்கு." "ஊசி குத்துற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி." கிளினிக் வாங்கில்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. இரத்தத்தில் சீனி நீண்ட காலம் கூடியிருந்தால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. மிக நீளமான நரம்புகள் கால் விரல் நுனிவரை போவதால் பாதிப்பு அங்கேதான் முதலில் தெரியும். விரல் நுனியில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மேலே ஏறும்.

எரிவு உள்ளவர் வைத்தியரைத் தேடி வருகிறார். அமிட்ரிப்டிலின், பிரிகாபலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகளால் அந்த எரிவைக் குறைக்கலாம். சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் நரம்பு மேலும் கெடுவதைத் தாமதப்படுத்தலாம். ஆனால் ஒரு நாள் எரிவு தானாகவே நின்றுவிடும். "இப்ப ஒண்டும் இல்லை, சுகம்" என்று அவர் கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்திவிடுவார். வலியைச் சொல்லும் நரம்பு இறந்துபோனால், கல் குத்தினாலும் செருப்பின் வார் அறுத்தாலும் சுடுதண்ணி கொப்பளம் போட்டாலும் தெரியாது. அதனால்தான் வலியுள்ள பாதத்தைவிட வலியற்ற பாதத்தைப் பார்த்து வைத்தியர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்ன மருத்துவம் பிறந்தது தமிழ்நாட்டில். 1914இல் கொல்லிமலையில் ஆங்கில மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி விழுகின்றன என்று அந்நாளில் வைத்தியர்களே நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு புண்ணையும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நோய் சதையை அழுக வைக்கவில்லை, நரம்பைக் கொன்றது. நோவை உணராத நோயாளி தன் காலைத் தானே காயப்படுத்திக்கொண்டு, அந்தக் காயத்தின் மேலேயே நாள்முழுதும் நடந்தார். பாதத்தை பிளாஸ்டர் கட்டுக்குள் வைத்து அழுத்தத்தைப் பரப்பினால் பல ஆண்டுப் புண்ணும் ஆறியது. மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்பு தைத்துக் கொடுத்தால் புதிய புண் குறைந்தது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறார்களே, அது அந்த வழியில் வந்ததுதான்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாடம் அங்கே நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பொருந்தியது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையை உள்ளங்காலில் வைத்து, நோயாளி அதை உணர்கிறாரா என்று பார்க்கும் சோதனையைப் பரவச் செய்த ஆய்வுகள் 1980களில் அங்கிருந்துதான் வெளிவந்தன. அந்த இழை விலை குறைந்தது, மின்சாரம் வேண்டாம், சில நிமிடங்களே பிடிக்கும். இன்று உலகெங்கும் பாதத்தின் ஆபத்தை அளக்கும் முதல் கருவி அதுவே.

எந்த வலி, எந்த வைத்தியர்?

தனியார் வைத்தியசாலையில் எந்த நிபுணரையும் நாமே தெரிந்து சனல் பண்ணலாம். இது வசதிதான். ஆனால் எந்த நோவுக்கு யார் என்று தெரியாமல் போனால் காசும் கிழமைகளும் கரையும். ஆகவே முதலில் வலியின் குணத்தைக் கவனிக்க வேண்டும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிக்கால் குத்தென்று நொந்து, சற்று நடந்ததும் தணிகிறதா? உள்ளங்காலின் அடியில் குதியிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த நார்ப்பட்டையில் ஏற்படும் பாதிப்பாக இருக்கலாம். செட்டியார் தெருக் கடைகளிலும் புறக்கோட்டையிலும் காலை முதல் இரவுவரை சீமெந்துத் தரையில் நிற்பவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும் இது வருவது வழமை. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் ஒபரேஷன் இல்லாமலே குணமாகிவிடும். கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் தினமும் நீட்டி மடக்கும் பயிற்சி, குதியில் மெத்தையுள்ள செருப்பு, தேய்ந்த பாட்டாவைக் கைவிடுவது, எடையைக் குறைப்பது ஆகிய நான்கும்தான் முதல் மருந்து. ஸ்டெரொயிட் ஊசி சிலருக்கு ஆறுதல் தரும். திரும்பத் திரும்பப் போட்டால் அந்த நார் அறுந்துபோகவும் குதியின் கொழுப்பு மெத்தை மெலியவும் இடமுண்டு. நீரிழிவுள்ளவருக்கு அந்த ஊசி சில நாட்களுக்குச் சீனியையும் ஏற்றிவிடும். ஊசி போடுமுன் "எனக்குச் சீனி இருக்கு" என்று சொல்லத் தவறக்கூடாது.

ஒரே இரவில் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கித் தொடவே முடியாமல் நொந்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் ஆக இருக்கலாம். கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்திழுத்து, நின்றால் தணிந்து, மீண்டும் நடந்தால் திரும்ப வருகிறது என்றால் இரத்தக் குழாய் அடைத்திருக்கக்கூடும். புகைப்பவர்கள் இதில் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும். இவர்கள் பார்க்க வேண்டியவர் இரத்தக் குழாய் அறுவை நிபுணர். எலும்பு வைத்தியர் இல்லை.

இன்னொன்று உண்டு. பலரும் அறியாதது, ஆபத்தானது. பல ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவரின் ஒரு பாதம் திடீரென வீங்கிச் சிவந்து சூடாகிறது. காயம் இல்லை, வலியும் அவ்வளவு இல்லை. கிருமித் தொற்று என்றோ கவுட் என்றோ நினைத்து மருந்து எடுத்துக்கொண்டு அவர் நடந்து திரிவார். உள்ளே, உணர்விழந்த பாதத்தின் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். சார்க்கோ பாதம் என்று அழைக்கப்படும் இந்த நிலையில் உடனே நடையை நிறுத்திக் கட்டுப் போடாவிட்டால் பாதத்தின் வளைவு இடிந்து உருவமே மாறிவிடும். ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பதே வீட்டில் செய்யக்கூடிய சோதனை.

நம்பரும் திகதியும்

அரசாங்க கிளினிக் இலவசம். அந்த இலவசம் எத்தனை குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது என்பதை மறந்து யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் அதற்கு நோயாளி கொடுக்கும் விலை நேரம். விடியுமுன் புறப்பட வேண்டும், நம்பர் எடுக்க வேண்டும், கொப்பியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மருந்து எடுக்க இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். கூட்டம் அவ்வளவு என்பதால் வைத்தியரின் முன்னால் உட்காரும் நேரம் சில நிமிடங்கள்தான். சீனி எவ்வளவு, பிறஷர் எவ்வளவு, அதே மருந்து, அடுத்த திகதி. அந்தச் சில நிமிடங்களில் தன் பாதத்தைப் பற்றிச் சொல்ல நோயாளிக்கு வாய் வராது. கேட்க வைத்தியருக்கு நேரம் வராது.

தனியார் பக்கம் வேறு விதம். பகலில் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்யும் அதே நிபுணர் மாலையில் தனியாரில் இருப்பார். கட்டணம் கட்டி நம்பர் எடுத்தவர் இரவுவரை காத்திருந்து பார்க்கிறார். ஸ்கேன், இரத்தக் குழாய்ச் சோதனை, மருந்து என்று செலவு ஏறும்போது பலர் மீண்டும் அரசாங்க வார்ட்டுக்கே வருகிறார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் சேர்ந்து வந்தபோது, குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டவர்களும் கிளினிக்கையே விட்டவர்களும் நம் வீடுகளில் இருந்தார்கள். நீரிழிவு அந்த இடைவெளியை மன்னிக்கும் நோய் இல்லை.

தமிழர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. எரிவு, விறைப்பு, குத்து, உளைவு என்று தன் நோவை வகை பிரித்துச் சொல்லத் தெரிந்த ஓர் அம்மா, சிங்களத்தில் கேள்வி வந்ததும் "கால் வலி" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார். வெள்ளவத்தை மாடிவீடுகளில், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் பலர். அவர்களோடு கிளினிக்குக்குப் போக ஆள் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழ் தெரிந்த ஒருவரை உதவிக்கு அழைக்கும்படி கேட்பது சலுகை இல்லை, உரிமை. அயலிலுள்ள இளைஞர்கள் மாதத்தில் ஒரு காலையை ஒரு முதியவரின் கிளினிக்குக்கு ஒதுக்கினால் அதைவிடப் பெரிய சமூகத் தொண்டு வேறில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. கிளினிக் திகதி என்பது குளிசைக்கு உரியது; புண்ணுக்கு உரியதல்ல. "இருபத்தேழாம் திகதி கிளினிக் இருக்குத்தானே, அண்டைக்குக் காட்டுவம்" என்று இருந்தவர்களே விரலையும் பாதத்தையும் இழந்திருக்கிறார்கள். உணர்விழந்த பாதத்தில் கிருமி ஏறினால் ஓரிரு நாட்களில் எலும்புவரை போய்விடலாம். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது, சீழ், நாற்றம், விரல் கறுப்பது, பாதம் திடீரெனக் குளிர்ந்து வெளிறுவது, காய்ச்சல், நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிளினிக் கொப்பியில் என்ன திகதி எழுதியிருந்தாலும் சரி. நோயாளி தளர்ந்திருந்தால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

புண் ஆறுவது எப்படி?

பாதப் புண் ஆறாமல் இருப்பதற்கு மருந்து போதாமை காரணம் என்று பலரும் நினைக்கிறோம். மருந்துக் கடையில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போடுகிறோம். மஞ்சள், எண்ணெய், பவுடர் என்று மேலே பூசுகிறோம். ஆனால் புண் ஆறுவதற்கு நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். இறந்த தோலையும் சதையையும் பயிற்சி பெற்றவர் வெட்டி அகற்ற வேண்டும். கிருமித் தொற்று இருந்தால், அப்போது மட்டும், வைத்தியர் சொல்லும் அன்டிபயோட்டிக் வேண்டும். இரத்தம் புண்வரை போய்ச் சேர வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அதைத் திறக்கவோ மாற்றுவழி போடவோ வேண்டும். நான்காவதுதான் எல்லோரும் தவறவிடுவது: புண்ணின் மேல் உடல் எடை ஏறக்கூடாது.

எவ்வளவு நல்ல மருந்து கட்டினாலும், கட்டிய காலை ஊன்றி மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு அடியும் புதிதாக முளைத்த சதையை நசுக்கிவிடும். அதனால்தான் முழங்காலுக்குக் கீழே பாதத்தை முழுவதும் அணைத்துப் போடும் கட்டு, உள்ளங்கால் புண்ணுக்கு உலகெங்கும் சிறந்த சிகிச்சையாகக் கருதப்படுகிறது. கட்டுப் போட வசதி இல்லாவிட்டாலும் ஊன்றுகோல், சிறப்புச் செருப்பு, ஓய்வு என்று ஏதாவது ஒரு வழியில் எடையை விலக்கியே ஆக வேண்டும்.

"நடக்காதையுங்கோ" என்று வைத்தியர் சொல்வது எளிது. நாட்கூலிக்கு மூட்டை தூக்குபவருக்கு, வீட்டில் சமைத்து நால்வரை அனுப்பும் அம்மாவுக்கு, அந்த ஒரு சொல் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம். ஆகவே பாதப் புண் ஒருவரின் நோயாக இருக்க முடியாது. குடும்பத்தின் நோய் அது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க, கடைக்குப் போக, மருந்து கட்டுமிடத்துக்கு ஓட்டோவில் கூட்டிப்போக யாராவது பொறுப்பேற்றால்தான் அந்தக் கால் மிஞ்சும்.

செருப்பும் நம்பிக்கையும்

நம் வாழ்க்கை வெறுங்காலோடு பின்னியது. வீட்டுக்குள் செருப்பு இல்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தளத்தில் வெயில் ஏறியிருந்தாலும் வெறுங்காலோடு வலம் வருகிறோம். ஆடிவேல் ரதத்தின் பின்னால் கொதிக்கும் தார் வீதியில் நடக்கிறோம். இந்த வழிபாட்டைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பாதத்தில் உணர்வில்லாத பக்தருக்குச் சூடு தெரியாது. வீடு வந்து பார்த்தால் உள்ளங்கால் கொப்பளித்திருக்கும். அவர் வெயில் ஏறுமுன் காலையில் போகலாம். தடித்த காலுறை அணிந்து வலம் வரலாம். நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்றலாம். இதைக் கோயில் அறங்காவலர்களும் குருக்கள்மாரும் ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொன்னால் நூறு வைத்தியர் சொல்வதைவிட அதிகம் பேர் கேட்பார்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு செருப்பு வேண்டும். விரலிடுக்கில் வார் ஏறும் பாட்டா, உணர்விழந்த பாதத்துக்கு ஏற்றதல்ல. இடுக்கில் அறுக்கும், கழன்று விழும், விழுந்ததும் தெரியாது. பின்வார் உள்ள, முன்பக்கம் அகன்ற, உள்ளே மென்மையான செருப்பை மாலை வேளையில் வாங்க வேண்டும். பகலெல்லாம் நடந்த பாதம் அப்போதுதான் தன் முழு அளவுக்கு விரிந்திருக்கும். சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையினர், பாதத்துக்கென வடிவமைத்த செருப்பு அணிந்தோருக்குப் புதிய புண்கள் வெகுவாகக் குறைவதை ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். விலை உயர்ந்த இறக்குமதிச் சப்பாத்து தேவையில்லை. சரியான வடிவமும் சரியான ரப்பரும் போதும்.

சுதேச வைத்தியத்தைத் தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடமும் மூட்டு நோவுக்கு ஆறுதல் தருவதை நம் பாட்டிமார் காலத்திலிருந்தே அறிவோம். உணர்விழந்த பாதத்துக்கு மட்டும் சூட்டு ஒத்தடமோ சுடுநீரோ கூடாது. எந்த வைத்தியரிடம் போனாலும் "எனக்கு நீரிழிவு, பாதம் விறைப்பு" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். ஒரு முறையை எடுக்கும்போது மற்ற முறையின் மருந்தைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது

கழற்ற இலகுவான செருப்பு அணியுங்கள். கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போங்கள். எடுக்கும் மருந்து அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொப்பி, பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்.

நோவைப் பற்றி நான்கு விபரம் எழுதி வையுங்கள்: எங்கே, எப்போதிலிருந்து, எந்த வேளையில் கூடுகிறது, விறைப்பு உண்டா. புண் இருந்தால் கட்டை அவிழ்த்துக் காட்டுங்கள். வேறொருவர் கட்டியது என்று தயங்க வேண்டாம்.

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: "என் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? கால் நாடித்துடிப்பு சரியா? என் பாதம் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது? அடுத்து எப்போது பாதத்தைப் பார்ப்பீர்கள்?" சர்வதேச வழிகாட்டல்படி ஆபத்துக் குறைந்தவருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை பாதப் பரிசோதனை போதும். உணர்வு குறைந்தவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. முன்பு புண் வந்து ஆறியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

வீட்டில் தினமும் இரு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். கால் ஆணியைப் பிளேட்டால் சீவாதீர்கள். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம்; விரலிடுக்கில் பூசக்கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள். செருப்புக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகே காலை விடுங்கள்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்

1981இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மைக்கல் எட்மண்ட்ஸ் குழுவினர் நீரிழிவுப் பாதத்துக்கென்றே ஒரு கிளினிக்கைத் திறந்தார்கள். வைத்தியர், அறுவை வைத்தியர், தாதி, பாத நிபுணர், செருப்புச் செய்பவர் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே நாளில் நோயாளியைப் பார்த்தார்கள். புண் வந்தவர் திகதி இல்லாமலே வரலாம். சில ஆண்டுகளிலேயே அங்கே பெரிய கால் துண்டிப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் அதற்குக் காரணமில்லை. பல வாசல்களை ஒரு வாசலாக்கியதுதான் காரணம்.

இலங்கையிலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. இலங்கை மருத்துவச் சங்கம் உலக நீரிழிவு நிதியத்தோடு சேர்ந்து நடத்திய நிரோகி லங்கா திட்டம், நீரிழிவு பற்றிக் கற்பிக்கும் தாதியரைப் பயிற்றுவித்தது. 2011இலிருந்து நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் சீனியையும் பிறஷரையும் இலவசமாகப் பார்க்கின்றன. கொழும்பு மாநகர சபையின் இலவச மருந்தகங்கள் மக்களின் வாசலிலேயே இருக்கின்றன. இந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நைலோன் இழையும், ஒரு வாங்கிலும், பாதம் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு தாதியும் இருந்தால், நோயாளி நம்பருக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அவருடைய பாதத்தைப் பார்த்துவிடலாம். ஆபத்தில் இருப்பவரின் கொப்பியில் ஒரு சிவப்பு அடையாளம் போட்டுவிட்டால் வைத்தியரின் சில நிமிடங்கள் சரியான ஆளுக்குப் போய்ச்சேரும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கொழும்பிலேயே சாட்சி உண்டு. 1831இல் தொடங்கிய கொழும்பு பிரெண்ட் இன் நீட் சொசைட்டி, 1985 முதல் ஜெய்ப்பூர் கால் எனும் செயற்கைக் கால் செய்து கால் இழந்தோருக்கு வழங்கி வருகிறது. அந்தத் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் கால் இழந்த பின் வாழ்க்கை எளிதாகத் தொடர்ந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். நீரிழிவால் பெரிய துண்டிப்புக்கு உள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மற்றக் காலும் அதே ஆபத்தில்தான் இருக்கும்.

நாட்டின் வளர்ந்தோரில் நான்கில் ஒருவரை நெருங்கும் ஒரு நோய்க்கு, பாதம் பார்க்கும் ஒரு மேசையை ஒவ்வொரு நீரிழிவு கிளினிக்கிலும் போடுவது பெரிய செலவு இல்லை. ஒரு காலைத் துண்டிக்கும் ஒபரேஷனோடும், அதன்பின் வார்ட்டில் கிடக்கும் நாட்களோடும் ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. சுகாதார அமைச்சும் மாகாணச் சுகாதாரத் திணைக்களங்களும் இதைத் தொடங்க வேண்டும். நோயாளர் நலன்புரிச் சங்கங்களும் கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் நீரிழிவுள்ள ஒருவர் இருந்தால் இன்றிரவே அவருடைய இரண்டு பாதங்களையும் விரலிடுக்குவரை பாருங்கள். புண் ஒன்றைக் கண்டால் நாளை காலையே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். சிவப்பு, சீழ், காய்ச்சல் இருந்தால் விடியும்வரையும் காத்திருக்காதீர்கள்.